நாரைக் காலில் நீ தேய்த்து எடுத்த நரம்பு

பிரபு கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். வாயால் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. நான் பேச ஆரம்பித்தாலே உனக்கு அமெரிக்காக்காரன் போன் பண்ணிவிடுகிறான். போன் வராத அன்று காதில் அந்த ஒயரை மாட்டிக்கொள்கிறாய். ஒரே வீட்டில், ஒரே குகட்பள்ளி ஹவுசிங் போர்டு பிளாட்டில் இருந்துகொண்டு பெற்ற பிள்ளைக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்கிறதே என்று எனக்கே எரிச்சலாக இருக்கிறது. ஆனால் காகிதத்தில் எழுதினால் நீ பாதியில் குறுக்கே பேச முடியாது. தமிழை நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய், அதுவும் நல்லதற்குத்தான், மெதுவாகப் படி. நீ கட்டிக்கொள்ளப்போகிற லாவண்யாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பதால் இதை ஒளித்து வைக்காமல் உன் லேப்டாப் மேலேயே வைக்கிறேன். உன் அப்பா ஏற்கெனவே படித்துவிட்டார்.

கல்யாணத்துக்கு முன்னால் அம்மா எழுதும் கடிதம் என்றால் வரப்போகிறவளை இப்படி நடத்து, கோபத்தில் கை ஓங்காதே, மாமனார் வீட்டில் காலை ஆட்டிக்கொண்டு உட்காராதே என்றெல்லாம் இருக்கும். அதெல்லாம் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீ நல்ல பையன்தான். நான் எழுத வந்தது, படத்தைத் திருத்தக் கம்ப்யூட்டரில் போடுவதற்கு நீ வாங்கி வாங்கிக் குவிக்கிற அந்த ப்ளக்-இன்களைப் பற்றி. சிரிக்காதே. போன வாரம் நீயே கேட்டாயே, "ஏம்மா, புதுசா ஒரு செட்டு வந்திருக்குது, நாலு ப்ளக்-இன்னு ஒண்ணா, காட்டுல படம் எடுக்கறவங்களுக்குன்னே போட்டிருக்கான், வாங்கலாமா வேண்டாமா?" என்று. அப்போது நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். இதுதான் பதில். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் திட்டுகிறேன். நீ போனஸ் பணத்தில் அந்த உலக்கை மாதிரி லென்ஸை வாங்கி வந்த புதிதில், படத்தைத் திருத்துவதே பாவம் என்று உன்னோடு சண்டை போட்டவள் நான்தான். ஸ்டுடியோவில் நாள் முழுக்கக் கல்யாண ஆல்பத்துக்குப் பரு எடுத்து, கருப்பை வெளுப்பாக்கி, மாப்பிள்ளையின் தொப்பையை உள்ளே தள்ளிவிட்டு வருகிறவளுக்கு வீட்டுக்கு வந்தும் அதே வேலையைப் பார்க்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் காரணம். அதைக் கொள்கை மாதிரிப் பேசினேன். அனந்தகிரி மலையில் மசமசவென்று விடியும்போது நீ ஒரு ஆந்தையை எடுத்துவந்தாய். படம் முழுக்க ரவையைக் கொட்டியது போலப் புள்ளி. "இது தேறாது கண்ணு, விட்டுரு" என்றேன். நீ அந்தப் புள்ளியை எடுக்கிற ப்ளக்-இன்னைப் போட்டாய். பின்னால் இருந்த இருட்டில் மட்டும் போட்டாய், ஆந்தையின் மேல் கை வைக்கவில்லை. அதன் கண்ணைச் சுற்றியிருந்த ஒவ்வொரு மயிரும் தெரிந்தது. அன்றைக்கு நான் தோற்றேன். எங்கள் முதலாளியிடம் சொல்லி ஸ்டுடியோவுக்கும் அதையே வாங்கவைத்தேன். வெளிச்சம் இல்லாத இடத்தில், பிளாஷ் போடக்கூடாத இடத்தில் படம் எடுக்கிறவனுக்கு அது உண்மையிலேயே உதவிதான். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

அங்கேயே நீ நின்றிருக்கலாம். நின்றாயா? வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, அதற்கப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒன்று வந்திறங்கியது. கூர்மையாக்குவதற்கு ஒன்று, பின்னணியை மங்கலாக்குவதற்கு ஒன்று, மேகத்தைக் கறுப்பாக்குவதற்கு ஒன்று, சூரியனே இல்லாத நாளில் வெயில் அடிக்கவைப்பதற்கு ஒன்று. இலவசமாகச் சில நாள் பார்க்கக் கொடுப்பார்கள், அந்தச் சில நாளுக்குள் எடுத்த படம் எல்லாவற்றையும் அதில் போட்டு எடுப்பாய். மியாப்பூர் தாண்டி இருக்கிற நம்முடைய ஏரி, தொழிற்சாலைத் தண்ணீர் கலந்து பச்சையும் பழுப்புமாக நாறிக்கொண்டு கிடக்கிற ஏரி, உன் படத்தில் காஷ்மீர் மாதிரி நீலமாக இருந்தது. "இது எந்த ஊருப்பா?" என்று உன் அப்பா கேட்டார். நீ கோபித்துக்கொண்டாய். அவர் மல்லாபூர் பிளாஸ்டிக் பேக்டரியில் மெஷின் முன்னால் நிற்கிற மனுஷர், நாசூக்கெல்லாம் தெரியாது. அடுத்த வாரம் நீ ஒரு ஆந்தையைக் காட்டியபோது, "இதைய எங்க பேக்டரியிலயே அச்சுல ஊத்தி எடுத்துப்புடலாம் போல இருக்குது" என்றார். இறகு இறகாக இருக்க வேண்டிய உடம்பு வழவழவென்று பிளாஸ்டிக் டப்பா மாதிரி இருந்தது. அவர் சொன்னது சரிதான். நீ இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அப்போதுதான் என்னை மடக்கினாய். "நீ மட்டும் என்னம்மா? பொண்ணுக்குப் பருவை எடுக்கறதில்லையா? நான் பண்ணுனா மட்டும் பொய்யா?" கேட்டுவிட்டு ஜெயித்த மாதிரி எழுந்து போனாய். இப்போது சொல்கிறேன், கேள். கல்யாணப் பெண்ணின் பரு பத்து நாளில் தானாகவே போய்விடும். அவளுக்குப் பரு இருந்ததா இல்லையா என்று ஆல்பத்தைப் பார்த்து முடிவு செய்கிறவன் யாரும் இல்லை. அது பொய் என்று அவளுக்கும் தெரியும், அவள் மாமியாருக்கும் தெரியும், எல்லோரும் சந்தோஷமாகச் சேர்ந்து சொல்கிற பொய். ஆனால் அதே ஸ்டுடியோவில், அதே கம்ப்யூட்டரில், பாஸ்போர்ட் போட்டோ என்றால் நாங்கள் தொடமாட்டோம். ஏன் தொடமாட்டோம் என்று எனக்குத் தெரிந்ததே ஒரு அடி வாங்கித்தான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், விசாவுக்குப் படம் எடுக்க வந்த ஒரு தெலுங்குப் பையனின் தாடையில் ஒரு மச்சம் இருந்தது. கைப்பழக்கத்தில் அதை எடுத்துவிட்டேன். பாவம், அழகாக இருக்கட்டும் என்றுகூட நினைத்தேன். விசா ஆபீஸில் படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவன் வந்து கவுண்டரில் படத்தைப் போட்டு, "மேடம், இதி நா முகமேனா?" என்று கேட்டான். இது என் முகந்தானா என்று. முதலாளி எல்லோர் முன்னாலும் என்னைக் காய்ச்சி எடுத்தார். அன்றைக்கு எனக்கு அழுகைதான் வந்தது, இப்போது யோசித்தால் அவன் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை.

நீ எடுக்கிற பறவைப் படம் ஆல்பமா பாஸ்போர்ட்டா என்று நீ ஒரு நாளாவது யோசித்திருக்கிறாயா? வீட்டுச் சுவரில் மாட்டினால் ஆல்பம். ஏரிப் பறவைகளைக் கவனித்துக்கொள்கிற உங்கள் குழுவுக்கு அனுப்பினால் பாஸ்போர்ட். இந்தத் தேதியில் இந்த இடத்தில் இந்தப் பறவை இப்படி இருந்தது என்று அதை நம்பி நாலு பேர் ஒரு காரியம் செய்வார்கள். நீ இரண்டையும் ஒரே சட்டியில் போட்டு வதக்கினாய். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தோசையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டே, தோளில் போனை இடுக்கிக்கொண்டு ஆபீஸ்காரனோடு பேசிக்கொண்டே, இன்னொரு கையால் மவுஸை வைத்துத் தேய்ப்பாய். கம்பி, குச்சி, புல்லு, பறவைக்குக் குறுக்கே எது கோடாகத் தெரிந்தாலும் தேய்ப்பாய். தேய்த்த இடத்தை அந்த ப்ளக்-இன்னே தண்ணீரையும் சேற்றையும் போட்டு ரொப்பிவிடும். என்ன தேய்க்கிறோம் என்று நீ பார்ப்பதே இல்லை. "சாப்பிடறப்பவாவது அதைய வெச்சுத் தொலை" என்று நான் கத்தியது சாப்பாட்டுக்காக மட்டும் இல்லை, இப்போதாவது அது உனக்குப் புரிந்தால் சரி.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் ஒரு தடவை முழுதாக நீ படித்தாக வேண்டும். ஏரிக்கரையில் மாடு மேய்க்கிற ஒருவர் லாவண்யாவுக்குப் போன் பண்ணினார், மஞ்சமூக்கு நாரை ஒன்று காலை இழுத்து இழுத்து நடக்கிறது, தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிற மாதிரித் தெரிகிறது என்று. அடிபட்ட பறவையைப் பிடித்துக் காப்பாற்றுவது அவளுடைய வேலை இல்லை, அவளும் உன்னை மாதிரி கம்ப்யூட்டர் வேலைக்காரிதான். ஆனாலும் அந்தக் குழுவில் அதற்கு ஓடுகிறவள் அவள்தான். படகு வேண்டும், நாலு ஆள் வேண்டும், வலை வேண்டும். எல்லாவற்றுக்கும் ஏற்பாடு பண்ணத் தொடங்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போனவர்கள் யாராவது அந்தப் பறவையைப் பார்த்தீர்களா என்று எல்லோருக்கும் மெயில் போட்டாள். நீ உடனே உன் படத்தை அனுப்பினாய். ஒற்றை நாரை, அலகு நிறைய மீன், கணுக்கால்வரை தண்ணீர், இரண்டு காலும் பளிச்சென்று. "இதே பறவைதான், இறகில் அந்த வெள்ளைத் திட்டைப் பார், கால் நன்றாகத்தான் இருக்கிறது" என்று எழுதினாய். நிச்சயம் பண்ணின மாப்பிள்ளை சொன்னால் நம்பாமல் என்ன செய்வாள்? படகு வேண்டாம் என்று எல்லோரையும் நிறுத்திவிட்டாள். அடுத்த வாரம் கோரைப் புல்லுக்குள் அந்த நாரை செத்துக் கிடந்தது. காலில் நரம்பு எலும்புவரை இறங்கியிருந்ததாம்.

அதற்குப் பிறகும் எனக்கு ஒன்றும் தெரியாது. நீதான் அந்தப் படத்தை வரவேற்பு மண்டப வாசலில் ஆள் உயரத்துக்கு வைக்க வேண்டும் என்றாய், நீங்கள் இரண்டு பேரும் பழகினதே அந்த ஏரியில்தான் என்பதால். அவ்வளவு பெரிதாகப் போட்டால் நீ வதக்கின படம் தாங்கவில்லை, இறகெல்லாம் மெழுகு மாதிரி இளகியது. சரி, கேமராவிலிருந்து வந்த அசலையே எடுத்து நானே பக்குவமாகப் போட்டுத் தருகிறேன் என்று உன் டிஸ்கைத் திறந்தேன். ஸ்டுடியோவின் பெரிய திரையில் வலது காலில் மூன்று சுற்றுச் சுற்றி, நுனி தண்ணீரில் விழுந்து, வெயிலில் மினுங்கிக்கொண்டு அந்த நரம்பு இருந்தது. காலே வீங்கியிருந்தது, நீ நரம்பைத் தேய்த்தபோது அந்த ப்ளக்-இன் அதையும் சேர்த்து மெலிதாக்கிவிட்டிருந்தது. உனக்குப் போன் பண்ணினேன்.

"நான் பாக்கலம்மா. சத்தியமா புல்லுன்னுதான் நெனச்சேன்" என்றாய். அதை நான் நம்புகிறேன் கண்ணு. நீ தெரிந்து செய்கிறவன் இல்லை. கோபம் அதில் இல்லை. அதற்கப்புறம் ஒன்று சொன்னாய் பார், அதில்தான் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "இப்பச் சொல்லி என்னம்மா ஆகப்போகுது? செத்தது செத்துருச்சு. கல்யாணம் முடியட்டும்." என்ன ஆகப்போகிறதா? அந்தக் குழுவில் இருக்கிற அத்தனை பேரும் படகை நிறுத்தியது லாவண்யா என்றுதானே பேசிக்கொண்டிருக்கிறார்கள்? மாடு மேய்க்கிறவர் அவளைப் பார்த்து, "செப்பினானு கதம்மா" என்று ஒரே வார்த்தை சொன்னாராம், நான்தான் அப்போதே சொன்னேனே என்று. அதை அவளே என்னிடம் சொன்னாள். சொல்லும்போது அவள் குரல் இறங்கிவிட்டது. உன் மவுஸ் செய்த காரியத்துக்கு அந்தப் பெண் ஊர்ப் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறாள், நீ பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துச் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறாய். விட்டுத் தள்ளு, உன் தப்பு இல்லை என்று நீ சொன்னதாகவும் அவளே சொன்னாள். உன் தப்பு இல்லை என்று சொல்ல உனக்கு எப்படி வாய் வந்தது?

இன்னும் ஒன்று இருக்கிறது, அது உனக்குத் தெரியாது. போன செவ்வாய்க்கிழமை ரவிக்கைத் துணி கொடுத்துவிட்டுப் போக அவள் ஸ்டுடியோவுக்கு வந்தாள். உன் நாரைப் படம் மேசைமேல் சின்னதாக ஒரு பிரிண்ட் கிடந்தது. அதை எடுத்து ரொம்ப நேரம் பார்த்தாள். செத்த பறவையின் காலைப் பார்த்த டாக்டர், நரம்பு ரொம்ப நாளாகவே சுற்றியிருந்திருக்க வேண்டும், ஒரே வாரத்தில் இவ்வளவு இறங்காது என்றாராம். அப்படியென்றால் அந்த ஞாயிற்றுக்கிழமையே இருந்திருக்க வேண்டுமே என்று அவளுக்குக் குழப்பம். உன்மேல் சந்தேகமே இல்லை, தன் கண்மேல்தான் சந்தேகம், படத்தைத் தான் சரியாகப் பார்க்கவில்லையோ என்று. என்னிடம் கேட்டாள்: "அத்தய்யா, ஈ போட்டோலோ ஏமைனா தீசேசாரா?" இதிலிருந்து எதையாவது எடுத்திருக்கிறீர்களா என்று. நான், இருபது வருஷமாகப் படத்திலிருந்து எடுப்பதையே தொழிலாக வைத்திருக்கிறவள், அவள் முகத்தைப் பார்த்து, "லேதம்மா" என்றேன். இல்லையம்மா என்று. அவள் தலையை ஆட்டிக்கொண்டு படத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனாள்.

அவள் இன்னும் மருமகளாக நம் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை, அதற்குள் மாமியார் பொய் சொல்லிவிட்டாள். எல்லா மாமியாரும் பொய் சொல்கிறவர்கள்தான், அது எனக்குத் தெரியும், ஆனால் அவர்களாவது தங்கள் பிள்ளை நல்ல சம்பளம் வாங்குகிறான், குடிக்கமாட்டான் என்று சொல்வார்கள். நான் ஒரு உயிர் போன விஷயத்தில் சொல்லிவிட்டேன். உனக்காகத்தான் சொன்னேன் என்று சமாதானம் பண்ணிப் பார்த்தேன், அது எடுபடவில்லை. அவளுக்கு நான் என்ன நகை போட்டு, என்ன பட்டுக் கட்டி அழைத்து வந்தாலும் அவள் அத்தய்யா என்று கூப்பிடும்போதெல்லாம் இந்த வார்த்தை என் தொண்டையில் நிற்கும். உனக்கும் நிற்கும், இன்றைக்கு இல்லாவிட்டால் பத்து வருஷம் கழித்து. ஏதாவது ஒரு சண்டையில் அவள் டிஸ்கைத் திறந்து பார்ப்பாள். அவளும் கம்ப்யூட்டர் படித்தவள்தானே.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன், விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. ப்ளக்-இன் வாங்கலாமா? புள்ளி எடுக்கிறதை வைத்துக்கொள், இருட்டில் படம் எடுக்கிறவனுக்கு அதைவிட நல்ல துணை இல்லை. கூர்மையாக்குவதை, உப்பு போடுகிற மாதிரிப் போடு. வெயில் அடிக்கவைக்கிறதையும் மேகத்தைக் கறுக்கவைக்கிறதையும் தூக்கி எறி, விடியற்காலையில் எழுந்து போனால் அதையெல்லாம் சாமி சும்மாவே தருகிறார். தேய்க்கிறதை மட்டும் ஏரிப் படத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதே. பறவையின் உடம்பைத் தொடும் எதையும் எடுக்காதே, புல்லாகவே இருந்தாலும் எடுக்காதே. அது புல்லா நரம்பா என்று தீர்மானிக்க வேண்டியவர்கள் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் எடுத்தேன் என்று படத்துக்குக் கீழே எழுது. அந்த ஒரு வரியை நீ எழுதியிருந்தால் அவள், என்ன எடுத்தாய் என்று கேட்டிருப்பாள். புது செட்டை வாங்காதே. வாங்கினால் நானே கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிடுவேன், எனக்கு அது உன்னைவிட நன்றாகத் தெரியும்.

ஆள் உயரப் படம் தயாராகவில்லை, தயாராகப் போவதும் இல்லை. மண்டப வாசலில் வாழை மரம் இருக்கும், அது போதும். அசல் படம் உன் டிஸ்கில் அப்படியே இருக்கிறது, அதை நான் தொடவில்லை. நீயும் தொடாதே.

ஞாயிற்றுக்கிழமை லாவண்யாவை மத்தியானச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அரிசிம்பருப்பு சோறும் கத்திரிக்காயும் பண்ணுகிறேன், அவளுக்கு அது பிடிக்கும். அன்றைக்கு ஏரிக்குப் போகிறேன், ஆபீஸில் கூப்பிட்டார்கள் என்று எந்தச் சாக்கும் சொல்லாதே. அவள் உன்னை என்ன சொல்வாள், கல்யாணம் வேண்டாம் என்பாளா என்று எனக்குத் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. அப்பா மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார், பத்திரிகை ஊருக்கெல்லாம் போய்விட்டது, பொள்ளாச்சியிலிருந்து உன் மாமா ரயில் டிக்கெட் எடுத்துவிட்டார். எல்லாம் தெரிந்துதான் எழுதுகிறேன். படத்தைத் திருத்திக் காட்டி ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்வதைவிட, இருப்பதைக் காட்டி அவள் போய்விட்டால் பரவாயில்லை என்று உன் அப்பாவும் சொல்லிவிட்டார். அவர் அப்படிச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

உன்னை முதலில் பேசச் சொல்லமாட்டேன். அவள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும், அன்றைக்கு ஸ்டுடியோவில் உன்னிடம் பொய் சொன்னேனம்மா, அந்தப் படத்திலிருந்து ஒன்றை எடுத்திருக்கிறது என்று நானே சொல்லிவிடுவேன். எடுத்தது யார் என்று சொல்லமாட்டேன். அவள் உன் பக்கம் திரும்புவாள்.

அம்மா